சமாரியத்துக்கு ஒரு நோட்டீஸ்

செமிலிங் ஊருக்குப் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றின் வேதியியல் கூடத்தில் குழாய்கள் உண்டு, தண்ணீர்தான் கிடையாது. பள்ளி இறுதியாண்டுக்கான எஸ்.பி.எம். செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது. ஆகவே குணசுந்தரி டீச்சர், வட்டார முன்னேற்றச் சங்கத்தின் மாண்புமிகு தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய புவனேஸ்வரனைப் பார்க்கப் போனார். வேதியியலின் பெருமையைச் சொன்னால் மனம் இளகும் என்று நினைத்தார். அங்கேதான் பிசகியது.

“சுவீடன்ல இட்டர்பின்னு ஒரு சின்ன ஊர், டத்தோ. அங்க தோண்டின கல்லுல கிடைச்ச நாலு தனிமத்துக்கு அந்த ஊர் பேரையே வச்சிருக்காங்க.”

டத்தோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “நாலா? நமக்கு?”

“ஒண்ணும் இல்ல. அந்தத் தண்ணி பைப்பு...”

“தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும் லா. பேரு நிக்கும்!”

அன்று மாலையே செயற்குழு கூடியது. டீச்சர் அறிவியல் ஆலோசகராக நியமனம் பெற்றார். செமிலிங்கியம் என்னும் தனிமத்தை உலகுக்கு வழங்குவதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குறியீடு Sm.

“அதுல ஏற்கெனவே சமாரியம் இருக்கு, டத்தோ,” என்றார் டீச்சர். “ரொம்ப வருஷமா.”

“இருந்தா என்ன? மூணு தலைமுறையா இருந்த எங்க குடும்பத்தையே ஒரே நோட்டீஸ்ல ரப்பர் தோட்டத்த விட்டுக் காலி பண்ண வச்சாங்க. ராமையா, சமாரியத்துக்கு ஒரு நோட்டீஸ் அடிங்க.”

செயலாளர் ராமையா எழுதிக்கொண்டே தலையைத் தூக்கினார். “டத்தோ, பேரு வைக்கப் பொருள் ஏதாச்சும் இருக்கணுமா?”

“மொதல்ல பேரு. பொருளத் தேட ஒரு துணைக்குழு போட்டுக்கலாம்.”

செய்தி பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. பொட்டாசியத்தின் K தங்களுடையது என்று கோலா கெத்தில்காரர்கள் பேனர் கட்டினார்கள். சிடாம் கிரிக்காரர்கள் Si-யைக் காலி செய்யச் சொல்லிச் சிலிக்கனுக்குக் கெடு விதித்தார்கள்.

பெயர்சூட்டு விழா வேதியியல் கூடத்திலேயே நடந்தது. வறண்ட குழாய்க்கு மேலே செமிலிங்கியம் பலகை மின்னியது. தேர்வுப் பயிற்சிக்காக மாணவர்கள் வீட்டிலிருந்து சுமந்துவந்த தண்ணீரில் சிறப்பு விருந்தினர்கள் கை கழுவினார்கள்.

இன்று எல்லார் முன்னாலும் கேட்டே விடுவது என்று டீச்சர் மைக்கைப் பிடித்தார். “டத்தோ, தண்ணி...”

தோளில் பொன்னாடை விழுந்தது. டத்தோ காதருகே குனிந்தார். “அடுத்த தனிமம் உங்க பேர்லதான், டீச்சர். குணசுந்தரியம். எழுத்து ஏதும் காலியா இருக்கா பாருங்க.”

டீச்சருக்குத் தனிம அட்டவணை மனப்பாடம். Ga போய்விட்டது. Gd போய்விட்டது. Ge-யும் போய்விட்டது...

“டீச்சர், தண்ணி?” பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்.

“கொஞ்சம் இரும்மா,” என்றார் டீச்சர். பிறகு டத்தோ பக்கம் திரும்பினார்.

“Gu காலியாத்தான் இருக்கு, டத்தோ.”