பாலைமரக் கொப்பும் என் மடக்குக் கத்தியும்

கவலைப்படுகிறவன் வெறுங்கையோடு வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் ஆறு பேனா கொண்டுபோனேன். (ஆறும் நன்றாகவே எழுதின. எனக்குத்தான் எழுத ஒன்றுமில்லை.) அந்த வருஷத்தோடு படிப்பு நின்றது. கவலை மட்டும் மேல்படிப்புக்குப் போனது.

கஞ்சிக்கோட்டில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போன காலத்தில், பேனாவுக்குப் பதிலாக ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். நடுவிரல் நீளம். ஒரு அலகு, ஒரு குட்டி ரம்பம், எதற்கென்று இன்றுவரை விளங்காத ஒரு கொக்கி. அதைக் கொண்டு ஆட்டுக் குளம்பில் முள் எடுத்திருக்கிறேன். மோட்டார் ஸ்டார்ட்டரின் திருகை இறுக்கியிருக்கிறேன். பஸ் கதவில் சிக்கிய ஒரு அம்மாவின் சேலை நுனியை அறுத்து அவரைக் காப்பாற்றியிருக்கிறேன். (“கதவத் தொறந்திருந்தா போதுமேப்பா” என்றார் அவர்.) இந்தக் கத்தியால் ஆகாத காரியம் இல்லை என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என் தங்கச்சி சுகந்தியின் கல்யாணத்தில் மரமேறியது.

கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதிப் பக்கம் எங்கள் சனத்தில் முகூர்த்தக்கால் போடாமல் கல்யாண வேலை தொடங்காது. பாலைமரத்தில் மூன்று கிளை பிரிந்த கொப்பாகப் பார்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டு வெட்டி வந்து பந்தலில் நட வேண்டும். வெட்டிய கொப்பு தரையில் படக் கூடாது. அப்பா இல்லாததால் பொறுப்பு முழுக்க என்னுடையது. ஒரு மாதம் முன்பே மரம் பார்த்து வைத்தேன். அது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், எங்கள் பெரியம்மா தோட்டத்தில் நின்றது. மரம் அங்கேயே இருக்கிறதா என்று ஐந்து தடவை போய்ப் பார்த்தேன். அது ஒரு தடவையும் நகரவில்லை.

நாள், திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம். அதற்குள் கால் நட்டாக வேண்டும். தவறினால் சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். அது ஆயுசுக்கும் சுகந்தியின் தலையில் விழும். காலை ஐந்தரைக்குக் காரில் அருவாளை வைத்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வழியில் செக்போஸ்ட் இருக்கிறதே! முழங்கை நீளத்துக்கு அருவாள். இரண்டு மாநிலத்துப் போலீஸ். கல்யாணத்துக்கு என்று சொன்னால் எவன் நம்புவான்? மணவறை இருக்க வேண்டிய இடத்தில் லாக்கப் தெரிந்தது எனக்கு. யாரும் பார்க்காமல் அருவாளை எடுத்துப்போய் நெல் மூட்டைக்கு அடியில் ஒளித்தேன். இடுப்பு பெல்ட்டில் கத்தி இருக்கிறதே, அதில் ரம்பம் இருக்கிறதே என்று தைரியமாகக் கிளம்பினேன்.

செக்போஸ்ட்டில் எங்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கூட வந்தவர் எங்கள் தாய்மாமன். மரத்தைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

“அருவாளக் குடு மாப்ள.”

நான் கத்தியை எடுத்து விரித்தேன்.

மாமா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொப்பைப் பார்த்தார். அது என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் தடிமன்.

“ஏண்டா, இது கொப்புக்கா, கொய்யாப்பழத்துக்கா?”

“ரம்பம் இருக்குதுங்க மாமா.”

“பல்லுக் குத்தற குச்சியிலகூட இதவிடப் பெரிசு பாத்திருக்கறேன். பெரியம்மா ஊட்டுல போயி ஒரு அருவா வாங்கியாறேன், இரு.”

பெரியம்மா வீடு பூட்டியிருந்தது. அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமா திரும்பி வருவதற்குள் நான் மரத்தில் ஏறி அறுக்கத் தொடங்கியிருந்தேன். (வெட்கம் வந்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது.)

“போச்சு! கத்தி பட்டிருச்சா? இனி வேற மரத்துக்குப் போகக் கூடாது, பாதியில எறங்கவும் கூடாது. அறு. அறுத்துட்டு இரு. உனக்குப் பொறக்கற புள்ளைக்குக் காதுகுத்து வர்றதுக்குள்ள முடிச்சிரு.”

பாலைமரம் பார்வைக்கு மரம், உள்ளே இரும்பு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பத்து நிமிடம் அறுத்ததில் பட்டை போயிற்று. பிறகு பால் வந்தது. கோந்து மாதிரி ஒழுகி ரம்பத்தில் ஏறி, கத்திப்பிடியில் ஏறி, என் உள்ளங்கையில் ஏறியது. இனிக் கத்தியை விட வேண்டும் என்று நினைத்தாலும் கத்தி என்னை விடாது.

ஆறரைக்குச் சுகந்தி போன் செய்தாள். மாமாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணா, சமையக்காரர் தேங்காய் ஒடைக்க அருவாளத் தேடறாருங்க. நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா?”

“உங்கண்ணன் அருவாள எடுத்துட்டு வரல சாமி. அருவாக் குட்டிய எடுத்துட்டு வந்திருக்கறான்.”

“அப்பறம் எதுலீங்க மாமா வெட்டறாங்க?”

“வெட்டல. சொறிஞ்சு உடறான்.”

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, ஏழரைக்குள்ள வந்துருவீங்களா?”

அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் ரம்பத்தை நிறுத்தவே இல்லை. விரலில் கொப்புளம் வந்தது, உடைந்தது, அதன் மேல் பால் ஒட்டியது. எறும்புகள் கழுத்து வழியாக இறங்கிப்போய் முதுகில் குடியேறின. ரம்பத்தில் இரண்டு பல் உடைந்தது. வலது கை மரத்துப்போனதும் அதை இடது கையால் பிடித்து இழுத்து இழுத்து அறுத்தேன். ஆறு ஐம்பதுக்கு முக்கால்வாசி அறுந்திருந்தது. மாமா கீழே துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கேலியை நிறுத்திவிட்டு, “இன்னொரு இழுப்பு மாப்ள, இன்னொரு இழுப்பு” என்று தேர் இழுக்கிறவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்குக் கத்தியை ஓரமாக நீட்டிக்கொண்டு, கொப்பைக் கட்டிப்பிடித்து மொத்தமாகத் தொங்கினேன். மடார் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் வந்தோம், நானும் கொப்பும். மாமாவின் துண்டு ஒரு பக்கம் போனது, மாமா ஒரு பக்கம் போனார். நான் மல்லாக்க விழுந்தேன். கொப்பு என் நெஞ்சின் மேல் கிடந்தது.

கொப்பு தரையில் படவில்லை. நான்தான் பட்டேன்.

திரும்பும்போது செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். உடம்பெல்லாம் இலை, சட்டையெல்லாம் பால், உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு மடங்க மறுக்கும் கத்தி. ஏழு மணி பதிமூன்று நிமிடம். எந்தப் போலீஸுக்குப் பயந்தேனோ அவரே குனிந்து பார்த்தார்.

“இது எந்தா?”

“கல்யாணக் கால் ஆணு சாரே” என்றேன்.

அவர் கொப்பின் அறுபட்ட முனையைத் தடவிப் பார்த்தார். எலி கடித்த மாதிரி இருந்தது.

“ஈ பிச்சாத்தி கொண்டாணோ முறிச்சது? ஒரு வெட்டுகத்தி எடுத்தூடாயிருந்நோ?”

இந்தச் சின்னக் கத்தியாலா அறுத்தாய், ஒரு அருவாள் எடுத்து வந்திருக்கக் கூடாதா என்று போலீஸே கேட்கிறது! மாமா சீட்டில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது.

ஏழு இருபத்தாறுக்குக் கால் நட்டோம். சுகந்தி தேங்காயெண்ணெய் போட்டு என் கையிலிருந்து கத்தியைப் பிரித்தெடுத்தாள். அவள் திட்டவில்லை. சிரிப்பை அடக்குவதில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (சிரிப்புதான் என்று அவள் சொன்னாள்.) அந்தக் கத்தி அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. இப்போது அவள் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்குகிறது. பால் பாக்கெட் வெட்டுகிறார்கள்.

எங்கள் சனத்தில் எந்தக் கல்யாணம் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான்: “ஏனுங்க, அருவாள எந்த மூட்டைக்கு அடியில வெச்சிருக்கீங்க?” போன தை மாதம் மாமா பேத்தியின் கல்யாணப் பத்திரிகை சுகந்தி வீட்டு வழியாக வந்தது. கடைசி வரிக்குக் கீழே சுகந்தியின் வீட்டுக்காரர் பேனாவால் எழுதியிருந்தார்: ‘அருவாள் எங்களிடம் உள்ளது. மச்சான் கையை வீசிக்கொண்டு வரவும்.’

கையை வீசிக்கொண்டுதான் போனேன். பெல்ட்டில் மட்டும் ஒரு புதுக் கத்தி இருந்தது. இதில் ரம்பம் கொஞ்சம் நீளம்.