கல்கரிக்கு ஒரு லைசென்ஸ்

மனுசன் எண்டு பிறந்தவன் சொந்த வீட்டில் ஒரு வாக்குவாதத்திலாவது வெல்ல வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் மனைவி துர்க்கா உளவியலாளர். ஊரார் மனதைக் காசுக்குத் திறக்கிறவள், என்னுடையதை இலவசமாகக் கிழிப்பாள். கறியில் உப்பில்லை என்றால், "உந்தக் கோபம் எங்கயிருந்து வருது?" என்று கேட்பாள். உப்பிலிருந்துதான் வருகிறது. சொன்னால் நம்பமாட்டாள்.

பொற்காலம் ஒன்று இருந்தது. கல்கரியில் லைசென்ஸோடு வேலை செய்தவளைக் கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்குக் கூட்டிவந்த காலம். அந்த மாகாணத்து லைசென்ஸ் இங்கே ஒன்ராறியோவில் செல்லாது. பரீட்சை, நேர்முகம், காத்திருப்பு என்று வருடங்கள் இழுபட்டன. இங்கத்தைய லைசென்ஸ் கைக்கு வரும்வரை கோப்பிக் கடையில் நின்றாள். வீட்டில் சுடச்சுட இடியப்பம். என் சின்ன வயதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

ஆகவே தீர்மானித்தேன். திரும்பக் கல்கரிக்கே போவது. பழைய லைசென்ஸ் எப்போதோ செத்திருக்கும். அவள் மறுபடியும் வரிசையில் நிற்கட்டும், நான் கொஞ்சக் காலம் அரசனாக இருக்கிறேன்.

நான் வீடு விற்கும் முகவர். பெயர் தியாகலிங்கம். எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதியில் தமிழ்க்கடைக் கலண்டர் வருடம் முழுக்க என் விளம்பரப் பல்லைத்தான் காட்டும்.

"துர்க்கா, கல்கரிக்குப் போவமே? இஞ்ச விக்கிற காசுக்கு அங்க மாளிகை வாங்கலாம்."

"ஓம், போவம்."

சண்டைக்கு ஆயத்தமாக வந்தவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"உம்மட லைசென்ஸ்?"

"அதைப்பற்றி நீங்கள் கவலைப்படுறியளோ?"

"பின்ன? எனக்கு அதுதான் கவலை."

"கேக்க நல்லாயிருக்கு."

மறுநாளே என் முகம் போட்ட ‘விற்பனைக்கு’ப் பலகையை எங்கள் வாசலில் நட்டேன். பக்கத்து வீட்டுத் தவமணி அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, துர்க்காவுக்கு அங்க வேலை?"

"கொஞ்ச நாள் ஓய்வா இருக்கட்டும் அன்ரி. நான் இருக்கிறன்தானே."

"நீர் என்ன செய்வீர்?"

"வீடு விக்கிறதுதான்."

"அதுக்கு அங்க..." என்று அன்ரி இழுத்தார். யன்னலுக்குள் நின்ற துர்க்கா தலையை மெல்ல ஆட்டினாள். அன்ரி வாயை மூடிக்கொண்டார். பெண்களுக்குள் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டை நானே விற்றேன், நல்ல விலைக்கு. வாங்கினவர் கையெழுத்து வைத்துப் போனதும் துர்க்கா தேத்தண்ணியோடு வந்தாள்.

"கல்கரியில எனக்கு வேலை சரி."

"கோப்பிக் கடையோ?"

"கிளினிக்."

"லைசென்ஸ் இல்லாமலோ?"

"அதை நான் விடவேயில்லை. கோப்பிக் கடையில நிக்கேக்கயும் ஆக்கள் போட்ட ரிப்ஸ் காசில ஒவ்வொரு வருசமும் புதுப்பிச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. நான் அடுப்படியில நிண்டு அழுத நாளும் ஏனெண்டு கேக்கேல்லை. இடியப்பம் ஆறிப்போச்சு எண்டனீங்கள்."

கோபமில்லாமல் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன். தேத்தண்ணி கசந்தது.

"சரி, நல்லதுதானே. நீர் கிளினிக்குக்குப் போம். நான் வீடு விக்கிறன்."

"எந்த லைசென்ஸில?"

"என்ர லைசென்ஸில."

"அது ஒன்ராறியோ லைசென்ஸ் எல்லோ."

அவளுடைய லைசென்ஸைப் பற்றி மாதக்கணக்கில் கணக்குப் போட்டவன், சட்டைப்பையில் கிடந்த என்னுடையதை ஒருநாளும் நினைக்கவில்லை. கலண்டர்ப் பல்லைக் காட்டினால் கல்கரியில் ஒரு கதவும் திறக்காது.

"நாங்கள் போகவேண்டாம், துர்க்கா."

"வீட்டை வித்திட்டியள். கெட்டிக்காரன்."

"அங்க நான் என்ன செய்யிறது?"

"பரீட்சைக்குப் படியுங்கோ. அவசரமில்லை. கொஞ்ச நாள் ஓய்வா இருங்கோ. நான் இருக்கிறன்தானே."

பிறகு சாமான் கட்டத் தொடங்கினாள். யாருடைய பொருளோ, அவருடைய பெயர் பெட்டியில். புத்தகப் பெட்டிகள் எல்லாவற்றிலும் துர்க்கா என்று எழுதினாள். இடியப்ப உரல் வைத்த பெட்டியில் தியாகலிங்கம் என்று எழுதினாள்.