பவானிபூரில் ஒரு ஜோரான ஜீப்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியைத் திறந்து பார்க்கத் தோன்றாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதைப் பார்த்தாலும் 'உள்ளே என்னதான் இருக்கும்?' என்று விரல் ஊறும். சிறுவயதில் கடிகாரம், அப்புறம் ரேடியோ, நடுவில் ஒருமுறை அப்பாவின் பல்செட் (அது பிரிக்க வராது என்பது அப்புறம்தான் தெரிந்தது). வங்கியில் உத்தியோகம் கிடைத்ததும் வியாதி முற்றி, ஒரு பழைய ஜீப்பில் வந்து நின்றது.

பட்டாளத்தில் ஓய்வுபெற்று, ஏதோ தேயிலைத் தோட்டத்தில் மலையேறி, கடைசியில் சாந்த்ராகாச்சி பக்கம் ஒரு கொட்டகையில் கோழிகளுக்கு வீடாகிக் கிடந்த ஜீப் அது. அதைக் கல்கத்தா பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பொது முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, இது போற இடத்துக்கு நிம்மதியாப் போயிண்டிருந்ததே, நடுவுல நீ எதுக்குடா மறிச்சே?"

நான் காதில் வாங்கவில்லை. சனி ஞாயிறெல்லாம் ஜீப்புக்கு அடியில்தான் வாசம். வீடியோ பார்த்துப் பார்த்து இன்ஜினைப் பிரித்தேன், கழுவினேன், பூட்டினேன். மிஞ்சிய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மறைத்தேன். ஒருநாள் அது இருமி, கனைத்து, உயிர் வந்து உறுமியபோது நானும் பாடா நண்பர்களும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். (பாடா என்றால் எங்கள் தெரு, அக்கம்பக்கம் எல்லாம் சேர்த்து.)

அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? காட்டு வழியில், ஆற்று மணலில் ஏறிப்போக வேண்டுமென்றால் ஜீப் உயரமாக இருக்க வேண்டுமே! இந்த மாதிரி ஜீப்பில் சக்கரங்களை இணைக்கும் அச்சு மேலேயும், பட்டைவில் அதற்குக் கீழேயும் இருக்கும். வில்லை அச்சுக்கு மேலே ஏற்றிவிட்டால் ஜீப் ஜம்மென்று உயர்ந்துவிடும். அதற்கு வில் உட்காரும் இருக்கைகளை வெட்டியெடுத்து மேல்பக்கம் பற்றவைக்க வேண்டும். எதற்கு அந்த வீண்வேலை? அச்சையே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கீழே இருக்கும் இருக்கை தானாக மேலே வந்துவிடாதா? இந்த யோசனை ஏன் உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நண்பர்களைக் கூப்பிட்டுப் பின்னச்சைத் திருப்பிப் போட்டேன். ஜீப் ஒட்டகம் மாதிரி எழுந்து நின்றது.

இந்த நேரத்தில்தான் வைதேகியின் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்தார்.

வைதேகி சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னை (காரணம் இன்றுவரை சொல்லவில்லை). ஜாதகம் பொருந்திவிட்டது. மாமா வந்து வீட்டைப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் வேண்டாம் என்றால் வைதேகி மீறி வரமாட்டாள். அதை என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

அம்மா உத்தரவு போட்டாள். "அந்தச் சனியனைப் போர்வை போட்டு மூடு. அதைப் பத்தி வாயைத் திறக்கப்படாது."

மூடினேன். மாமா பஞ்சகச்சமும் விபூதியுமாக வைதேகியோடு வந்தார். கேசரியும் பஜ்ஜியும் ஆயிற்று. அம்மா எங்கள் வீட்டு ஆசாரத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தாள். மாமா என்னைப் பார்த்து, "இங்கேயே பொறந்து வளர்ந்தவராச்சே, தமிழ் நன்னாப் புரியுமோ?" என்று கேட்டார்.

"நன்னாப் புரியும் மாமா" என்றேன்.

கை அலம்ப முற்றத்துக்கு வந்தவர், போர்வையைப் பார்த்தார். "உள்ள என்ன இருக்கு?"

அந்தக் கேள்வியை நான் கேட்டுத்தான் பழக்கம். இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் மனசு இளகிவிட்டது. அம்மா கண்ணாலேயே எரிப்பதைக் கவனிக்காமல் போர்வையை இழுத்தேன். மாமா சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், இது என்ன, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இப்படி ஒரு மனிதரா என்று இருந்தது.

"ஓடுமோ?"

"இன்ஜின் ஓடும் மாமா. கியர் போட்டு இன்னும் ஓட்டிப் பார்க்கலை."

"அதனால என்ன? ஓட்டிக் காட்டுங்கோ, பார்ப்போம்!"

ஜீப் வாசல் கதவைப் பார்த்து நின்றது. பின்னால் மேல்மாடி பௌதியின் தண்ணீர்த் தொட்டி. (வங்காளத்தில் அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் எல்லோரும் பௌதிதான், அண்ணிதான்.) நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். முற்றமே அதிர்ந்தது. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். ஜீப் முன்னால் போகாமல் பின்னால் நகர்ந்தது.

ஏன்? முற்றம் கொஞ்சம் சரிவு, கியர் பிடிக்கவில்லை, வண்டி உருள்கிறது என்று நினைத்தேன். மாமாவோ, வாசலில் வளைப்பதற்கு இடம் வேண்டுமென்று நான் சாமர்த்தியமாகப் பின்னால் எடுப்பதாக நினைத்துவிட்டார். கைதட்டிக்கொண்டு கத்தினார்: "ஜோர்! ஜோர்!"

இங்கேதான் என் கல்கத்தாக் காது காலை வாரிவிட்டது. கும்பகோணத்தில் ஜோர் என்றால் பிரமாதம். எங்கள் பாடாவில் பீரோ நகர்த்தினாலும் நின்றுபோன பஸ்ஸைத் தள்ளினாலும் எல்லோரும் "ஜோரே! ஜோரே!" என்றுதான் கத்துவார்கள். இன்னும் வேகமாக, இன்னும் பலமாக என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சொல்லாயிற்றே, மூளையிடம் அனுமதி கேட்காமல் கால் மிதித்தது.

ஜீப் பின்னால் பாய்ந்தது.

"ஜோர்!" என்று ஆரம்பித்த மாமாவின் குரல் பாதியில் "ஐயோ!" ஆவதற்குள் தொட்டிச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. தண்ணீர் முற்றமெங்கும் பாய்ந்தது. வெறும் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. பௌதி ஜமாய் ஷஷ்டிக்காக, அதாவது மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கும் பண்டிகைக்காக, அந்தத் தொட்டியில் உயிரோடு மாகுர் மீன்களை விட்டு வைத்திருந்தாள். மீசை வைத்த கரிய மீன்கள். அத்தனையும் நெளிந்துகொண்டு நேரே மாமாவின் காலடிக்கு வந்தன. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, மாமாவுக்கு ஓணானுக்குப் பதில் மாகுர்.

"ஆமார் மாச்! என் மீனெல்லாம் போச்சே!" என்று மாடியிலிருந்து பௌதி அலறினாள். பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா ஒற்றைக்காலில் நின்றார். அம்மா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

"ஏன் மிதிச்சேள்?" என்றார் மாமா.

"நீங்கதானே மாமா ஜோரேன்னேள்?"

வைதேகிக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் அவருக்கு விளக்கினாள். "அப்பா, இந்த ஊர்ல அப்படிச் சொன்னா இன்னும் அழுத்துன்னு அர்த்தம்ப்பா!"

மாமா சிரிக்கவில்லை. "தமிழ் நன்னாப் புரியும்னாரே" என்று மட்டும் சொன்னார். ஊருக்குப் போய் எழுதுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். (எங்கள் சமூகத்தில் 'ஊருக்குப் போய் எழுதுகிறேன்' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.)

பௌதிக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தோம். கரியாஹாட் சந்தையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீன் வாங்கியதும் நான்தான். பாடாவில் ஜீப்புக்கு 'உல்டோ ரத்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தேர்த்திருவிழா முடிந்து ஜகந்நாதர் தேர் திரும்பி வருமே, அந்தத் திருநாளின் பேர். வைதேகி போனில் கூப்பிட்டாள். அப்பா எதுவும் பேசவே மாட்டேன் என்கிறார் என்றாள்.

அவ்வளவு துக்கத்திலும் எனக்கு ஒரு கேள்வி மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. முதல் கியரில் ஏன் பின்னால் போயிற்று? பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. அடப்பாவி! அச்சைத் தலைகீழாகப் போட்டதில் உள்ளே இருந்த பல்சக்கரம் இடம் மாறிவிட்டது. என் ஜீப்புக்குப் பின்னால் போக மூன்று கியர், முன்னால் போக ஒன்றே ஒன்று. அதுவும் ரிவர்ஸ் கியர்.

மறுநாள் காலை கும்பகோணத்திலிருந்து போன். மாமா! நலம் விசாரிக்கவில்லை.

"அது ஏன் பின்னாடி போச்சுன்னு கண்டுபிடிச்சேளா?"

சொன்னேன்.

"ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை, போங்கோ. பேப்பர்ல படம்கூடப் போட்டுப் பார்த்துட்டேன்." பெருமூச்சு விட்டார். "சரி, அச்சை நேராப் போட்டுடுங்கோ. ஆவணியில நல்ல முகூர்த்தம் இருக்கு."

கல்யாணத்தில் காசி யாத்திரை. மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகச் சந்நியாசம் போகிறேன் என்று கிளம்புவதும், பெண்ணின் அப்பா ஓடிவந்து மறித்து, என் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று அழைத்துவருவதும் வழக்கம். நான் மண்டப வாசலைத் தாண்டினேன். தெருவுக்கே வந்துவிட்டேன். யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மாமா கையைக் கட்டிக்கொண்டு படியில் நிற்கிறார்.

சாஸ்திரிகள் பதறினார். "மாமா, மாப்பிள்ளை போயிண்டே இருக்கார், போய்க் கூப்பிடுங்கோ!"

"எதுக்கு ஓய் கூப்பிடணும்?" என்றார் என் மாமனார், தெருவே கேட்கும்படி. "அவர் முன்னாடி கிளம்பினார்னா தானா பின்னாடி வந்துடுவார்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நான் வேறு என்ன செய்வது? குடையைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து மண்டபத்துக்குள் வந்தேன். இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை காசிக்குக் கிளம்பினாலும், கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் "எந்தக் கியர்ல போறேள்?" என்று கேட்காமல் விடுவதில்லை.