உடும்பு கரியப்பன் எழுதிய இருபது வரி

ஒரு காட்டில் ஒரே ஒரு மடுவும், அந்த மடுவைப் பற்றி ஒன்பது வாக்கெடுப்புகளும் இருந்தன. ஒன்பதையும் கேட்டு வாங்கியது முதலை. ஒன்பதிலும் தோற்றதும் முதலைதான். கோடையில் அந்தக் காட்டில் வேறெங்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மடு கைவிட்டுப் போனால் காடே போன மாதிரிதான்.

ஒன்பது வெற்றிக்கும் தானே காரணம் என்று நம்பியிருந்தது உடும்பு கரியப்பன். முப்பது வருடமாக முதலையை எதிர்த்துத் துண்டறிக்கை எழுதி வந்த உடும்பு அது. அதை ஒட்டப் போய், காவலுக்கு நின்ற கழுதைப்புலிகளிடம் இரண்டு முறை கடிபட்டிருந்தது. வாலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கேட்காதவர்களுக்கும் காட்டும்.

வாக்களிக்கும் முறை எளிது. மடுக்கரைச் சேற்றில் இரண்டு கட்டங்கள் கீறியிருக்கும். வலது கட்டம் ‘சரி’, இடது கட்டம் ‘வேண்டாம்’. பக்கத்து மரத்தில் தீர்மானத் தாள் தொங்கும். ‘மேற்படி நீர்நிலையின் பயன்பாட்டுரிமை குறித்து முன்னர் பிறப்பிக்கப்பட்ட’ என்று தொடங்கி நாற்பது முழம் ஓடும். விலங்குகள் அதை மோந்து பார்க்கும், தும்மும், வேண்டாம் கட்டத்தில் காலை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும். புரியாத ஒன்றுக்குச் சரி சொல்லும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை.

பத்தாவது வாக்கெடுப்புக்குப் புதுத் தேர்தல் அதிகாரியாக ஒரு நாரை வந்தது. ஒற்றைக் காலில் நின்றபடியே கரியப்பனைக் கூப்பிட்டது.

“தீர்மானத்தோட எளிய விளக்கக் குறிப்பும் ஒட்டணும்னு புது விதி வந்திருக்கு. இருபது வரி. பக்கச் சார்பு கூடாது. இந்தக் காட்டுல புரியும்படி எழுதத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்னு சொல்றாங்க.”

“சரியாத்தான் சொல்றாங்க” என்றது கரியப்பன்.

பக்கச் சார்பு தேவையே இல்லை என்று அது நினைத்தது. உண்மையை உள்ளபடி சொன்னால் மக்கள் உண்மையின் பக்கம் நிற்பார்கள் என்று தன் முதல் துண்டறிக்கையிலேயே எழுதிவிட்ட உடும்பு அல்லவா. மூன்று நாள் உட்கார்ந்து நாற்பது முழத்தையும் படித்து இருபது வரிக்குள் கொண்டுவந்தது. மடு முழுவதும் முதலைக்கு உரிமையாகும். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் அங்கே தண்ணீர் குடிக்கக் கூடாது. ஏழாம் நாள் மேற்குச் சரிவு வழியாக மட்டும் இறங்கி, பொழுது சாயும்வரை குடிக்கலாம். இதற்கு ஈடாக ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு முன்னுரிமை அட்டை தரப்படும். அட்டை வைத்திருப்பவரே வரிசையில் முதலில் நிற்பார்.

அட்டை விவகாரம் முப்பத்தெட்டாவது முழத்தில் ஒளிந்திருந்தது. விட்டுவிட்டிருக்கலாம். கரியப்பனின் நேர்மை விடவில்லை.

குறிப்பு ஒட்டிய காலையில் மடுக்கரையில் ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை. காட்டுப்பன்றி மொக்கைச்சாமி இரண்டு தடவை படித்தது.

“அண்ணே, பொறந்ததுலேருந்து இன்னைக்குத்தான் ஒரு சர்க்கார் தாள் புரியுது. கண்ணு கலங்குது.”

கரியப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “ஆறு நாள் தண்ணி இல்ல. அதைப் பாத்தியா?”

“பாத்தேன். அந்த அட்டை எனக்கா?”

“எல்லாருக்கும்தான்.”

“அப்ப நான்தான் முதல்ல.”

“எல்லாருக்கும் முன்னுரிமைன்னா யாருக்குமே இல்லடா.”

“அது மத்தவங்களுக்கு அண்ணே. என்கிட்டதான் அட்டை இருக்குமே.”

புள்ளிமான் செவந்தி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. “இத்தனை வருசமா யானைக்குப் பின்னாடி நின்னு கலங்கல் தண்ணியத்தான் குடிக்கிறேன் மாமா. ஒருநாளாவது யானை என் பின்னாடி நிக்கட்டும்.”

“யானைகிட்டயும் அட்டை இருக்கும் செவந்தி.”

“இருக்கட்டும். பின்னாடி நின்னு வச்சுக்கட்டும்.”

கரியப்பன் அன்று முழுக்க வெயிலில் நின்று விளக்கியது. விளக்க விளக்க, சரிக் கட்டத்தில் குளம்படிகள் கூடிக்கொண்டே போயின. சாயங்காலம் நாரை எண்ணிச் சொன்னது: சரி, நானூற்றுப் பன்னிரண்டு. வேண்டாம், ஒன்று. அந்த ஒன்றில் நகம் ஆழமாக இறங்கியிருந்தது.

முதலை கரையேறி வந்து கரியப்பனுக்குக் கும்பிடு போட்டது.

“ரொம்ப நன்றி தோழர். தீர்மானத்தை எழுதினது வக்கீல் நரி. எனக்கே ஒரு எழுத்தும் புரிஞ்சதில்ல. ஒன்பது தடவையும் நானும் தும்மிட்டு வேண்டாம்லதான் கால் வச்சேன். உங்க குறிப்பைப் படிச்ச பிறகுதான் நான் என்ன கேக்குறேன்னே தெரிஞ்சுது. நல்ல திட்டம்தான்.”

தன் ஒன்பது வெற்றியும் வெறும் தும்மல் என்பது கரியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் ஏழாம் நாள் வந்தது. வரிசை நீளமாக இல்லை, அகலமாக இருந்தது. மேற்குச் சரிவில் ஒரு பன்றி இறங்கும் அளவுக்குத்தான் வழி. அதன் முன்னால் நானூற்றுச் சொச்சம் விலங்குகள் அட்டையைக் கவ்வியபடி தோளோடு தோள் ஒட்டி நின்றன. எல்லோரும் முதல் ஆள். இரண்டாவது ஆளாக இறங்க யாருக்கும் சம்மதமில்லை. பொழுது சாய்ந்தது. முதலை வழியை அடைத்தது. ஒரு நாக்கும் நனையவில்லை.

“நான் அப்பவே விளக்கிச் சொன்னேன்” என்றது கரியப்பன்.

“சொன்னீங்க. அதுதான் வினை” என்றது மொக்கைச்சாமி. “புரியாம இருந்திருந்தா பழையபடி வேண்டாம்னு போட்டுட்டு இந்நேரம் வயிறு முட்டக் குடிச்சிருப்போம். யாரு உங்கள விளக்கச் சொன்னது?”

கரியப்பனைக் காட்டைவிட்டுத் துரத்தும் தீர்மானம் அங்கேயே கொண்டுவரப்பட்டது. விதிப்படி எளிய விளக்கக் குறிப்பு வேண்டும் என்றது நாரை. புரியும்படி எழுதத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. எல்லோரும் கரியப்பனைப் பார்த்தார்கள்.

அது எழுதியது. மோசமாக எழுத அதன் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. ஐந்தே வரி. முப்பது வருடத்தில் அது எழுதியவற்றிலேயே சிறந்தது என்று நாரையே சொன்னது. யார், என்ன செய்தார், ஏன் போக வேண்டும் எல்லாம் பளிச்சென்று இருந்தது. கடைசியாக ஒருமுறை படித்துப் பார்த்த கரியப்பனும் மறுக்க வழியில்லாமல் சரிக் கட்டத்திலேயே காலை வைத்தது.

நீதி: ஊருக்கு நல்லது செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் தன் கையெழுத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்.