நான் போட்ட சிவப்பு அம்புக்குறிகள்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். துபாய்ப் பக்கம் அஜ்மானில் ஏசி பழுது பார்ப்பவன். அமெரிக்க அரசியலைப் பற்றி நான் எழுதுவது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகப் படுகிறது. ஆனால் அதில் ஒருமுறை கைவைத்துவிட்டேன்.

மகள் ஜெனி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்காக, அமெரிக்காவின் குட்டிக் கட்சிகளைப் பற்றி ஒரு சார்ட் தயாரித்தாள். ஜெயித்தால் துபாய்ப் போட்டிக்குப் போகலாம். ஒரு மாதமாக டிவி பக்கமே திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பும்போது நான்கு தாள்களை என்னிடம் கொடுத்தாள்.

"அப்பா, இதை நாலு மூலையிலயும் ஒட்டிருங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

நான்கிலும் ஒரே பெயர்: மக்கள் கட்சி. ஒன்று விவசாயிகளுடையது. இன்னொன்று வெகுகாலம் கழித்து வந்தது, போரை எதிர்த்தவர்களுடையது. (எழுத்துக்கூட்டிப் படித்ததில் அவ்வளவுதான் புரிந்தது.) எனக்கா தெரியாது? நம் ஊரில் கட்சி உடைந்தால் ஒவ்வொரு துண்டும் பழைய பெயரைத் தூக்கிக்கொண்டுதானே போகும்! பிள்ளை அவசரத்தில் அதை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு தாளை நடுவில் ஒட்டி, அதிலிருந்து மற்ற மூன்றுக்கும் சிவப்பு மார்க்கரால் அம்புக்குறி போட்டேன். ஒவ்வொன்றின் மேலும் 'ஸ்பிளிட்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சுருட்டி ரப்பர் பேண்டும் போட்டு வைத்தேன்.

ஜெனி அதைப் பிரித்தது மறுநாள் பள்ளியில்தான். நானும் அரைநாள் லீவு போட்டுப் பெருமையாகப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அய்யோ அப்பா! இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத கட்சி. பேரு மட்டுந்தான் ஒண்ணு. அதுதானே என் டாபிக்கே!"

அதற்குள் நடுவராக இருந்த டீச்சர் வந்துவிட்டார். சார்ட்டைப் பார்த்தார். இந்த அம்புக்குறிகளைப் போட்டது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஏசியில் ஏதோ சத்தம் கேட்டதுபோல மேலே பார்த்தேன். (ஒரு சத்தமும் இல்லை. நல்ல ஏசி.)

"நான்தான் மிஸ்," என்றாள் ஜெனி.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். நர்ஸாக இருக்கும் என் மனைவி ஸ்டெல்லா இன்னும் விடுவதில்லை. "எங்க வார்டுல ரெண்டு மேரி வந்திருக்கு. அந்த மார்க்கரை ஒளிச்சு வை மக்களே, அப்பா ரெண்டு பேரையும் அக்கா தங்கச்சி ஆக்கிருவாரு" என்பாள் ஜெனியிடம். எல்லோரும் சிரிப்போம். டீச்சர் கேட்டபோது நான் மேலே பார்த்ததை மட்டும் ஜெனி இதுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

கண்காட்சிக்கு மறுநாள், துபாய்ப் போட்டிக்கு வேறொரு பிள்ளையின் பெயரை அறிவித்தார்கள். நான் ரோலா கடைத்தெருவில் இரண்டு ஏசிக்கு கேஸ் நிரப்பினேன்.