பதினேழாவது சோதனை

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் குடிநீர் விநியோகத்தைச் சோதித்து, அது நூற்றுக்கு நூறு வெற்றி என்று நிரூபித்த முதல் நிறுவனம் உலக சரித்திரத்தில் எங்களுடையதுதான். மற்ற தேசத்தார் அணை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்கெல்லாம் தண்ணீர் தேவைப்பட்டது. எங்களுக்கு அந்தப் பலவீனம் கிடையாது.

நிறுவனத்தின் பெயர் கரிசல் இன்போடெக். கோவில்பட்டியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடி. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஏசிக்கு நேர் கீழே முதலாளி பூவனநாதன் அண்ணாச்சி. அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டி ஆபீஸ். குச்சியில் மருந்து ஒட்டத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று 2006-இல் சாஃப்ட்வேரில் இறங்கிவிட்டார். நான் முத்துசெல்வம், 'தலைமைச் சோதனை அதிகாரி'. எனக்குக் கீழே யாரும் கிடையாது. நிரல் எழுத வினோலியா என்று ஒரு பெண் இருந்தாள், அவளும் எனக்குக் கீழே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

எங்களை நம்பி ஒரு மாபெரும் பணியை ஒப்படைத்த பெருமை நடுக்கரிசல்பட்டி பேரூராட்சிக்கு உண்டு. கழுகுமலை பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தெருவுக்கும் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர். அதுவரை அங்கே நிலவிய முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொம்பையா என்று ஒருவர் ஊருக்கு வெளியே உள்ள தொட்டியில் வால்வைத் திறப்பார். பிறகு சைக்கிளை மிதித்துப் போய், மணி அடித்து, "ஏழாந்தெரு, தண்ணி" என்று கூவுவார். இவ்வளவு பின்தங்கிய முறையில் முப்பது வருஷமாக ஒரு தெருகூடத் தண்ணீரைத் தவறவிட்டதில்லை என்பது எவ்வளவு வெட்கக்கேடு.

இதை மாற்றவே 'நீர்த்தூது' பிறந்தது. அதில் மூன்று மென்பொருள்கள். ஒன்று, தொட்டியின் மட்டத்தைப் பார்த்து எந்தத் தெருவின் முறை என்று தீர்மானிக்கும். இரண்டாவது, வால்வைத் திறக்கச் சொல்லிக் கொம்பையாவுக்குப் போன் போடும். மூன்றாவது, அந்தத் தெருவின் பொறுப்பாளருக்குப் போன் போட்டு, "உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது" என்று வினோலியாவின் குரலில் சொல்லும். நிரல் எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து புறப்பட்டு, பேரூராட்சியின் ஒத்திகைக் கம்ப்யூட்டரில் தங்கி, பிறகுதான் நிஜக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் என் சோதனைகள் காவல் நிற்கும். எல்லாம் பச்சை காட்டினால் உள்ளே. ஒன்று சிவப்பு காட்டினாலும் திரும்பி வீட்டுக்கு.

தனித்தனியாக மூன்றும் தங்கம். மாப்பிள்ளை நல்லவர், பெண் நல்லவள், இரண்டு பேரும் சேர்ந்து குடும்பம் நடத்துவார்களா என்று பார்ப்பதுதான் ஒருங்கிணைப்புச் சோதனை. அதில் பதினேழாவது சோதனை முக்கியமானது: போன் போக வேண்டும், வால்வு திறக்க வேண்டும், தண்ணீர் வர வேண்டும், தெரு பிடிக்க வேண்டும். நாங்கள் தினமும் நாலு முறை நிரலை அனுப்பினோம். தண்ணீரோ பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வந்தது. தினமும் நாலு சிவப்பு.

"தண்ணி வரும்னு காத்துக் கெடந்தா சாஃப்ட்வேர் எப்பலே போகும்?" என்று அண்ணாச்சி கொதித்தார். நியாயமான கேள்வி. விடை தேடி, சோதனைக்கென்று ஒதுக்கிய ஏழாந்தெருவுக்கு 'கள ஆய்வு' போனேன்.

குழாயடியில் ஒரு ஆள் இல்லை. ஆனால் வரிசை இருந்தது. நாலு குடம், ஒரு உடைந்த வாளி, ஒரு கருங்கல், ஒற்றைச் செருப்பு. தெருப் பொறுப்பாளர் ஆறுமுகத்தாய் வெளியே வந்து அறிமுகம் செய்துவைத்தார். கல் என்பது வெயிலம்மாளாம். செருப்பு அவருடைய மதினியாம். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. ஆளுக்குப் பதில் இன்னொன்றை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போவது! மேல்நாட்டுச் சோதனைக்காரர்கள் தலையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த தத்துவம் இங்கே செருப்பாகக் கிடந்தது.

"தண்ணி வந்தா ஆளு வரணும் தம்பி. கல்லு வந்து குடத்தத் தூக்காது" என்று ஆறுமுகத்தாய் சொன்னார். அது தத்துவத்துக்கு அவசியமில்லாத பகுதி என்பதால் நான் குறித்துக்கொள்ளவில்லை. அவருடைய மகள் விஜி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்து இருபது நாள். உள்ளே கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. கிளம்பும்போது அந்த அம்மாள் வாசல்வரை வந்தார்.

"பச்சப்பிள்ள இருக்க வீடு. வேற ஒண்ணும் வேண்டாம், தண்ணி வார நாள மட்டும் சரியாச் சொல்லிருங்க."

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டருக்குள் மூன்று டம்மிகளைப் படைத்தேன். டம்மி கொம்பையா: எப்போது கேட்டாலும் "திறந்தாச்சு" என்பார். டம்மித் தண்ணீர்: எப்போது கேட்டாலும் "வந்தாச்சு" என்று சொல்லும். டம்மி ஆறுமுகத்தாய்: "பன்னெண்டு குடம் பிடிச்சாச்சு, நன்றி" என்பார். அந்த 'நன்றி' என் சொந்தக் கற்பனை. மறுநாள் பதினேழாவது சோதனை பச்சையாக எரிந்தது. அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார். எல்லாமே டம்மி என்றால் பேரூராட்சியில் கேள்வி வருமே என்று, போனை மட்டும் நிஜமாக விட்டுவைக்கச் சொன்னார்.

ஆகவே தினமும் நாலு முறை ஆறுமுகத்தாய் வீட்டுப் போன் மட்டும் நிஜமாக அடித்தது. வினோலியாவின் குரல் தண்ணீர் வருவதாகச் சொல்லும். தெருவே குச்சி அடுக்கிக்கொண்டிருந்த தீப்பெட்டிக் கட்டையைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடிவரும். குழாய் காற்றைக் கக்கும்.

மூன்றாம் நாள் அவர் ஆபீசுக்குப் போன் செய்து, போன் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்றார். 'போன் வருவதைப் பயனாளி உறுதி செய்தார்' என்று பதிவேட்டில் எழுதினேன். அது சோதனை அழைப்பு என்று பக்குவமாக விளக்கினேன்.

"எது சோதனை, எது நெசம்னு நாங்க எப்படித் தம்பி கண்டுபிடிக்க?"

"தண்ணி வந்தா நெசம்மா."

அவர் போனை வைத்துவிட்டார். அதையும் 'திருப்தி' என்று குறித்துக்கொண்டேன். வினோலியா மட்டும், "பாவம்ணே, என் குரலுக்குல்லா ஓடி வாராவ" என்றாள். மென்பொருள் துறைக்கு இந்த மனசு ஆகாது.

திறப்பு விழா ஒரு வியாழக்கிழமை. மேளம், சால்வை, செயல் அலுவலரின் ஆள்காட்டி விரல். முதல் தெருவாக ஏழாந்தெரு. கணினிமயமான ஊரில் இனி மணி அடிப்பதும் கூவுவதும் கூடாது என்று சுற்றறிக்கை போயிருந்ததால், கொம்பையா வால்வைத் திறந்துவிட்டுத் தொட்டியடியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். போனும் போனது. ஆறுமுகத்தாய்க்கு அது நாற்பத்திரண்டாவது அழைப்பு. குழந்தை அப்போதுதான் கண்ணசந்திருந்தது. எடுத்துக் கேட்டார், வைத்தார்.

தண்ணீர் நிஜமாகவே வந்தது. நாற்பது நிமிஷம் வந்தது. வரிசையில் முதலில் நின்ற குடம் நிறைந்து வழிந்து, வாளியைச் சுற்றி, கல்லை நனைத்து, செருப்பை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போனது. வரிசை அவ்வளவு ஒழுங்கு. ஒரு வெள்ளாடு வயிறு முட்டக் குடித்தது. ஆட்டின் சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தபோது கொம்பையா வால்வை மூடி நாலு நிமிஷம் ஆகியிருந்தது. அடுத்த முறைக்குப் பன்னிரண்டு நாள்.

அறிக்கையில் எல்லாமே பச்சை. திறந்தாச்சு, வந்தாச்சு, பன்னெண்டு குடம் பிடிச்சாச்சு, நன்றி. டம்மிகளை எடுக்க மறந்துவிட்டேன் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அவதூறு. மறக்கவில்லை. எடுத்தால் சிவப்பாகிவிடும் என்றுதான் விட்டுவைத்தேன். அறிக்கையைப் பேரூராட்சிப் பலகையில் ஒட்டினார்கள்.

சனிக்கிழமை ஆபீசில் வெற்றி விழா. அண்ணாச்சி இரண்டு கிலோ காராச்சேவு வாங்கிவந்திருந்தார். நல்ல காரம். முதல் பொட்டலம் காலியாகும் நேரத்தில் மாடிப்படி ஏறி ஆறுமுகத்தாய் வந்தார். இடுப்பில் வெறுங்குடம்.

"போர்டுல ஒட்டியிருந்த தாள விஜி வாசிச்சா. நான் பன்னெண்டு குடம் பிடிச்சேன்னு போட்டிருக்காம்."

அண்ணாச்சி பெருமையோடு தலையசைத்தார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்லா?"

"சொல்லவே சொல்லாதும்மா."

"அப்போ சரி. அந்தப் பன்னெண்டு குடத்தையும் வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். பிள்ளைக்கு மேலுக்குத் தண்ணி ஊத்தி ரெண்டு நாளாச்சு."

நான் திரையைப் பார்த்தேன். அது என்னைக் கைவிடாமல் பச்சையாகவே நின்றது. வினோலியாதான் எழுந்துபோய், மூலையில் இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி அந்தக் குடத்தில் கவிழ்த்தாள். எங்களுக்கிருந்தது அந்த ஒரு கேன்தான். குடம் நிறைந்தது, கேன் தீர்ந்தது. பஸ் வரை குடத்தைத் தூக்கி வருவதாக அவள் சொன்னபோது அந்தக் குரலைக் கேட்டு ஆறுமுகத்தாய் திரும்பிப் பார்த்தார்.

"நீதானா அம்மா அது? கொரல் நல்லாருக்கு" என்றார். வினோலியாவின் கண் கலங்கிவிட்டது.

படியிறங்குமுன் அந்த அம்மாள் மடியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துக் கேன் இருந்த இடத்தில் வைத்தார்.

"இது இங்கன இருக்கட்டும். தண்ணின்னு எழுதிக்கோங்க. பிடிச்சாச்சு தம்பி, நன்றி."

காராச்சேவு தொண்டையில் எரிந்தது. அண்ணாச்சிக்கு விக்கல் எடுத்தது. அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் சோதனைகளில் ஒரு கேள்வி விடுபட்டிருப்பது எனக்குப் பட்டது. பதினெட்டாவது சோதனை: 'யாராவது குடித்தார்களா?' அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அதுக்கும்..." விக்கல், "ஒரு டம்மியப் போட்டுருலே."

போட்டேன். பச்சை. அதன் பிறகு எத்தனையோ ஊர்கள், எத்தனையோ திட்டங்கள், என் சோதனைகள் ஒன்றுகூடத் தோற்றதில்லை. எந்த அலுவலகப் பலகையிலாவது 'பயனாளி பெற்றுக்கொண்டு நன்றி தெரிவித்தார்' என்று வாசித்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயனாளியை எழுதியவன் நான். நிஜமான பயனாளி இடுப்பில் ஒரு குடத்தோடு கழுகுமலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார். பிள்ளைக்கு அதுதான் பத்து நாளைக்கு.