ஐந்தாவது பெயர்

கடலூர், செம்மண்டலம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான், டாக்டர் இளவரசு அவர்கள் சமுகத்திற்கு, உங்கள் தங்கை புருஷன் சபாபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. சிதம்பரத்தில் நீங்களும் அமிர்தம் அக்காவும் நடராசர் கிருபையால் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை?

என் மகள் இளமதி உங்களிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, தாய்மாமனே வழிகாட்டி, இனிக் கவலையில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குழந்தைகளின் ரத்தசோகைதான் அவளுக்குத் தலைப்பு. புவனகிரிப் பக்கம் ஊர் ஊராகப் போய், ஊசியைக் கண்டு ஓடுகிற பிள்ளைகளைத் துரத்திப் பிடித்து, ரத்தம் எடுத்து, எடை போட்டு, ஒருத்தனிடம் கடியும் வாங்கிக்கொண்டு வந்தாள். பல் பட்ட தழும்பு இன்னும் கையில் இருக்கிறது. கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்துவிட்டது என்றதும் தெருவுக்கே லட்டு கொடுத்தேன். எதிர்வீட்டு ஜான்சி டீச்சர் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க சார், ஒங்க பொண்ணு பேரக் காணோமே?"ன்னு கேட்டாங்க. பாத்தா, மொதல்ல நீங்க. ரெண்டாவது ஒங்க சம்சாரம் அமிர்தம் அக்கா. அவுங்க பல் டாக்டர். மூணாவது ஒங்க மருமகன் ஸ்ரீதர். பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி, கொசு கடிச்சி ரத்தம் வந்தாலே மயக்கம் போட்டு விழுற மனுசன். நாலாவது ஒங்களுக்கு மேல இருக்கற அதிகாரி. கடைசியா, அஞ்சாவதா எம்பொண்ணு. ஊரார் வீட்டு நெய்யே, எம்பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாங்க?

போன் போட்டுக் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? "மூத்தவங்க பேருதான் மாப்ள முன்னால இருக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" அதோட விட்டீங்களா? "அவ கல்யாணப் பத்திரிகையில எம்பேரு எங்க இருந்துச்சி, ஞாபகம் இருக்கா?"ன்னு ஒரு குத்து. அட கடவுளே! அச்சகத்துக்காரன் தாய்மாமன் பேர எந்தம்பி பேருக்குக் கீழ அஞ்சாவதாப் போட்டுத் தொலைச்சான். அதுக்கு நீங்க பந்தியில கை நனைக்காமப் போனீங்க, சரி. சீர்த்தட்ட கார்லருந்து எறக்காமத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனீங்க, அதும் சரி. அந்தக் கோவத்த ஒரு பொண்ணு பொழப்புலயா காட்டுவீங்க? போன்ல அப்படிப் பேசுன அன்னிலருந்து நீங்க போனே எடுக்கல, அதான் கடுதாசி.

அடுத்த வாரம் அவளுக்கு வேலைக்கு நேர்காணல். மொதப் பேரா ஒரு கட்டுரையாவது இல்லன்னா மதிக்கவே மாட்டாங்களாம். ஒங்க பேருல நானூத்திச் சொச்சம் இருக்குதாம். கொழந்தை ரத்தசோகை, எறா நோவு, முந்திரித்தோலு, கரும்புச் சக்கை, எத விட்டீங்க நீங்க? நான் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டு புடிக்கறவங்கள ஏகப்பட்ட பேரப் பாத்துருக்கேன். அவங்ககூட டிக்கெட் எடுப்பாங்க மச்சான்.

இதுல, "பொவனகிரி மட்டும் பத்தாது, கட்டுரைக்கு வெயிட் வேணும்"னு பெண்ணாடத்துப் புள்ளைங்க கணக்குன்னு ஒரு அட்டவணைய நீங்களே சேத்தீங்க. அவ பெண்ணாடம் பக்கமே போனதில்ல. "ஏது மாமா இது?"ன்னு கேட்டதுக்கு, "சின்னப் புள்ள, சும்மா இரு"ன்னீங்களாம். பெரிய எடத்துச் சமாச்சாரம், நமக்கெதுக்கு. நான் கேக்கறது ஒண்ணுதான். இதழ்க்காரங்களுக்கு ரெண்டு வரி எழுதி, அவ பேர மொதல்ல போடச் சொல்லுங்க. சோறு வெச்சா தட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கா.

அமிர்தம் அக்காவுக்கும் ஸ்ரீதருக்கும், வயது வரிசைப்படி, என் நமஸ்காரமும் ஆசிகளும்.

இப்படிக்கு,
ஐந்தாவது பெயரின் அப்பன்,
சபாபதி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் இளமதி வந்து ஒரு சேதி சொன்னாள். பெண்ணாடத்து அட்டவணை வேறு ஏதோ நாட்டுக் கட்டுரையில் புள்ளி மாறாமல் அப்படியே இருக்கிறதாம். முதல் பெயர்க்காரர் பதில் சொல்ல வேண்டும் என்று இதழ்க்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம். புவனகிரிக் கணக்குக்கு ஆதாரமெல்லாம் அவ அனுப்பிட்டா. ஆனா கட்டுரைய இதழ்லருந்தே எடுத்துடுவாங்களாம். பையன்கிட்ட கடி வாங்குனதுதான் மிச்சம். அதுக்குள்ள, இத்தன நாளா எடுக்காத போன நீங்களே போட்டீங்க: "யோசிச்சிப் பாத்தேன் மாப்ள. ஒழைச்சவ அவதான். மொதப் பேரு அவளுதாவே இருக்கட்டும், இன்னிக்கே எழுதிடறேன்." ஐயோ, வேணாம் மச்சான். மேல நான் எழுதுனது எதையும் மனசுல வெச்சிக்காதீங்க. மூத்தவங்க பேருதான் முன்னால இருக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?